பண்ணை வேலைக்கு முதல் ஏ.டி.வி.: சி.சி.யைப் பார்ப்பதா, வேறு எதைப் பார்ப்பது?

மேட்டுநிலம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பண்ணை வேலைகளுக்காக முதன்முறையாக ஒரு ஏ.டி.வி. (கரடுமுரடான நிலத்தில் ஓடும், பைக்கைப் போல் உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வாங்க நினைக்கிறோம். நிலம் மொத்தம் 30 ஏக்கர். பாதி சமதளம், மீதி ஓடையை நோக்கி இறங்கும் சரிவு. மழை பெய்துவிட்டால் ஓடைக்கரையை ஒட்டிய பகுதி முழுவதும் சேறாகிவிடும். அந்தச் சமயத்தில் டிராக்டரை இறக்கினால் அது புதைவதோடு மண்ணையும் இறுக்கிக் கெடுத்துவிடுகிறது. வேலிக்கம்பிச் சுருள்களையும் தூண்களையும் கொண்டுசெல்வது, ஆடுகளுக்குத் தீவன மூட்டை எடுத்துப்போவது, வெட்டிய விறகைச் சிறிய ட்ரெய்லரில் இழுத்து வருவது, களைக்கொல்லி தெளிப்பது ஆகியவைதான் முக்கியமான வேலைகள். வேகமாக ஓட்டும் ஆசை எங்கள் வீட்டில், பதினான்கு வயது மகனைத் தவிர, வேறு யாருக்கும் இல்லை.

விசாரித்த இடங்களில் எல்லாம் பேச்சு சி.சி.யில் தொடங்கி சி.சி.யிலேயே முடிகிறது. ஒருவர் 450 தாராளம் என்கிறார்; இன்னொருவர் 700-க்குக் கீழே எதை வாங்கினாலும் ஒரே வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார். பின்பக்கம் ஒரே தண்டாக வரும் ஆக்ஸில் நல்லதா, இரண்டு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ளது நல்லதா என்பதிலும் ஆளுக்கு ஒரு கருத்து. பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டி பாரம் இழுக்கத் தாங்குமா, பவர் ஸ்டீயரிங் உண்மையில் தேவையா, பழைய வண்டி வாங்கலாமா என்பவையும் என் சந்தேகங்கள். என் மனைவியும் என் அளவுக்கு ஓட்டுவார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இவற்றில் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பட்டறைக்கல் எழுதுகிறார்:

வணக்கம் நண்பரே. நீங்கள் எழுதியதில் சரிவும் ட்ரெய்லரும்தான் முதலில் என் கண்ணில் பட்டன. பண்ணை வேலையில் வண்டி பெரும்பாலும் மனிதர் ஓடும் வேகத்தைத் தாண்டுவதில்லை; அந்த வேகத்தில் 400 சி.சி. எஞ்சினுக்கே விசை மிச்சமிருக்கும். விறகு ஏற்றிய ட்ரெய்லரோடு மேட்டில் ஏறுவதற்கு ஏறக்குறைய எல்லா வண்டிகளாலும் முடியும். அதே பாரத்தோடு ஈரப்புல்லில் இறங்கும்போது வண்டி உங்கள் கட்டுக்குள் இருக்குமா என்பதில்தான் ஒரு வண்டிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். வாங்கும்போது இதை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் ஷோரூம் தரை எப்போதும் சமமாகவே இருக்கிறது.

ஆகவே இழுவைத் திறனிலிருந்து தொடங்குங்கள். ஹோண்டா ராஞ்சர் 420-க்கு நிறுவனம் குறிப்பிடும் இழுவை 385 கிலோ. யமஹாவின் கோடியாக் 700, கிரிஸ்லி ஆகிய இரண்டுக்கும் 600 கிலோ. இந்த இடைவெளி எஞ்சினால் மட்டும் வருவது இல்லை. வண்டியின் சொந்த எடை, வண்டிச் சட்டகத்தின் பலம், பிரேக், கியர் விகிதம் எல்லாம் சேர்ந்து வருவது. ராஞ்சரில் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டுவதற்கான தாழ்ந்த கியர் பிரிவு) என்ற தனிப்பிரிவே கிடையாது. அதனால் அது மோசமான வண்டி ஆகிவிடாது. எளிமையான, நீண்ட காலம் உழைக்கும் வண்டி என்று சமதளப் பண்ணைக்கு நானே அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் உங்கள் சரிவில், ட்ரெய்லரோடு, லோ ரேஞ்ச் இல்லாத வண்டியை நான் எடுக்க மாட்டேன். கையேட்டில் இருக்கும் எண்ணையும் சமதளத்துக்கு உரியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சரிவில், குறிப்பாக ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாதபோது, பாரம் வண்டியின் எடையைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இந்த வகை வண்டிகள் பெரும்பாலும் 250 முதல் 350 கிலோ வரை எடையுள்ளவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் விறகுச் சுமையை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

பெல்ட்டைப் பற்றிய பயம் பாதி நியாயமானது. பாரம் பெல்ட்டை அறுப்பதில்லை, வழுக்கல்தான் அறுக்கிறது. ஹை ரேஞ்சில் வைத்துக்கொண்டு பாரத்தோடு ஊர்ந்து போனால் பெல்ட் கப்பியில் முழுதாகப் பிடிக்காமல் உரசிச் சூடேறும். அப்படி ஓரிடத்தில் ரப்பர் தீய்ந்து தட்டையாகிவிட்டால், அதன் பிறகு புறப்படும்போதெல்லாம் ஒரு அதிர்வு தெரியும். ட்ரெய்லரை மாட்டிவிட்டால், மெதுவாகப் போனால், மேடு ஏறினால் லோ ரேஞ்ச் என்பதை வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக்கிவிட்டால் பெல்ட் பல ஆண்டுகள் வரும். ஆழமான தண்ணீரில் இறங்கி பெல்ட் அறைக்குள் நீர் புகுந்தாலும் இதே வழுக்கல்தான் ஏற்படும். அந்த அறையின் அடியில் இருக்கும் வடிகால் அடைப்பானைத் திறந்து நீரை வடித்து, நியூட்ரலில் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட விட்டுப் பெல்ட்டை உலர்த்திய பிறகே ஓட்ட வேண்டும்.

இறக்கத்துக்கு வருவோம். கால் மாற்றியோ பட்டன் அழுத்தியோ கியர் போடும் வண்டியில் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பெல்ட் வண்டிகளில் இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். யமஹாவின் அமைப்பில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருப்பதால் எஞ்சின் பிடிப்பு கடைசி வரை கிடைக்கும். வேறு சில வண்டிகளில் வேகம் குறைந்ததும் பிடிப்பு விடுபட்டு, வண்டி நியூட்ரலில் போட்டதுபோல் உருளத் தொடங்கும். பிறகு உங்களுக்கு மிஞ்சுவது பிரேக் மட்டும்தான். போலாரிஸ் வண்டிகளில் பின்சக்கரம் வழுக்கினால் மட்டுமே முன்சக்கரங்களுக்கு விசை போகும். அது ஏற்றத்தில் அருமையாக வேலை செய்யும். இறக்கத்திலோ எஞ்சின் பிடிப்பு முன்சக்கரங்களுக்கு வராது. நான்கு சக்கரங்களுக்கும் அதைக் கொண்டுவரும் இறக்கக் கட்டுப்பாடு சில மாடல்களில் மட்டும் உண்டு. வாங்கும் குறிப்பிட்ட மாடலில் அது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பவர் ஸ்டீயரிங்கைப் பொறுத்தவரை, இரண்டு பேர் ஓட்டுவதாலும், முன் டிஃபரன்ஷியலை (வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதியை) பூட்டிவிட்டால் ஹேண்டில் கல்லாகிவிடும் என்பதாலும், வாங்கிவிடுங்கள் என்பதே என் பதில். பின்னால் பொருத்துவதற்கு ஆகும் செலவும் சிரமமும் மிக அதிகம்.

வேலியோரம் எழுதுகிறார்:

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். அவர் தொடாத ஆக்ஸில் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டு வகையையும் வேலைக்குப் பயன்படுத்தியவன் என்ற முறையில், பாரம் ஏற்றும் பண்ணைக்கு ஒரே தண்டு ஆக்ஸிலைத்தான் சொல்வேன். பின் ராக்கில் (இருக்கைக்குப் பின்னால் உள்ள சரக்குத் தட்டில்) இரண்டு மூட்டைகளை வைத்தாலும் அதன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையாது. பக்கவாட்டுச் சரிவில் உடல் சாய்வதும் குறைவு. கிழிந்துபோக ரப்பர் உறைகள் இல்லை, தேய்ந்துபோக இணைப்புகளும் குறைவு. தனி சஸ்பென்ஷன் வண்டியில் பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். ஸ்பிரிங்கை இறுக்கி ஓரளவு சரிசெய்யலாம், ஆனால் மூட்டையை இறக்கிய பிறகு அதைத் தளர்த்த யாருக்கும் நினைவிருக்காது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரே தண்டு ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் பகுதிதான் வெட்டிய அடிக்கட்டைகளிலும் பாறைகளிலும் முதலில் முட்டும். கரடுமுரடான தரையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பு அதைச் சொல்லிக்காட்டும். சேற்றில் ஆழமான தடங்கள் இருந்தால் நடு இடைவெளி அதிகமுள்ள தனி சஸ்பென்ஷன் எளிதாகக் கடந்துவிடும். உங்கள் ஓடைக்கரைக்கு அது பொருந்தலாம்; அங்கே வாரத்துக்கு எத்தனை முறை போகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

டயர் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வண்டிகளுக்கு 5 பி.எஸ்.ஐ. அளவில்தான் காற்று இருக்கும். காருக்குப் பயன்படுத்தும் காற்றுமானியில் இந்த அளவு சரியாகத் தெரியாது. குறைந்த அழுத்தத்துக்கென விற்கும் மானி ஒன்றை வண்டியோடு வாங்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு பி.எஸ்.ஐ. வேறுபட்டாலே வண்டி ஒரு பக்கமாக இழுப்பதைக் கையில் உணரலாம். நான் பார்த்த வரையில், ஹேண்டில் சரியில்லை என்று பட்டறைக்கு வரும் புகார்களில் பல காற்றடித்ததோடு தீர்ந்துவிடும்.

சரிவுக்காடு எழுதுகிறார்:

மற்றவர்கள் எந்த வண்டி என்று பேசுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் வேலைகளில் களைக்கொல்லி தெளிப்பதும் இருக்கிறது, நிலத்தில் சரிவும் இருக்கிறது. இவை இரண்டும் ஒரே இடத்தில் நடக்கப்போகின்றனவா?

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 60 லிட்டர் தொட்டியைப் பின் ராக்கில் கட்டினால் பம்பு, குழாய், சட்டம் எல்லாம் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் போய்விடும். பல வண்டிகளின் பின் ராக் ஏறத்தாழ 80 கிலோவோடு முடிகிறது. அந்த எடை இருக்கையைவிட உயரத்தில் உட்கார்கிறது. தொட்டி நிறைந்திருக்கும்போதுகூடப் பரவாயில்லை, பாதி காலியானதும்தான் ஆபத்து கூடுகிறது. நீங்கள் சரிவில் குறுக்காகப் போகும்போது தண்ணீர் முழுவதும் பள்ளத்துப் பக்கம் ஓடிச் சேரும், வண்டி எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறதோ அதே பக்கம். ஆகவே சரிவில் தெளிக்க வேண்டியிருந்தால், உள்ளே தடுப்புகள் உள்ள சிறிய தொட்டியை வாங்குங்கள். அதைவிட நல்லது, அகலமான சக்கரங்களுள்ள தாழ்வான ட்ரெய்லரில் தொட்டியை வைத்து இழுப்பது. எப்படியும் சரிவில் நேராக ஏறி நேராக இறங்குங்கள், குறுக்கே போகாதீர்கள்.

ஏ.டி.வி. மரணங்களில் பெரும்பங்கு வண்டி கவிழ்ந்து அதன் அடியில் சிக்குவதால் நிகழ்கிறது. பலருக்கு எலும்புகூட முறிவதில்லை. மார்பின் மேல் 300 கிலோ அழுத்திக்கொண்டிருக்க, மூச்சு விட முடியாமல் இறந்துபோகிறார்கள். இதனால்தான் ஆஸ்திரேலியாவில் 2019-இல் தனிப் பாதுகாப்புத் தரம் கொண்டுவரப்பட்டு, 2021 அக்டோபர் 11 முதல் விற்கப்படும் புதிய பண்ணை ஏ.டி.வி. ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டது. இருக்கைக்குப் பின்னால் நிற்கும் வளைவுச் சட்டம் அது. வண்டி புரண்டால் ஆளுக்கும் தரைக்கும் இடையில் சிறிது இடம் விட்டுவைக்கும். எந்தக் கோணத்தில் வண்டி இரண்டு சக்கரத்தில் எழும்பும் என்பதை வண்டியில் தொங்கும் அட்டையில் காட்ட வேண்டும் என்பதும் அந்தத் தரத்தின் பகுதி. அந்த வளைவுச் சட்டமே ஓட்டுபவரைக் காயப்படுத்தக்கூடும் என்று வாதிட்ட சில பெரிய நிறுவனங்கள் அந்தச் சந்தையிலிருந்தே விலகிக்கொண்டன. வாதம் எப்படியிருந்தாலும், மெதுவாக ஓட்டும் பண்ணை வேலையில், அதுவும் தனியாகப் போகிறவர்களுக்கு, அது இருப்பதே நல்லது என்பது என் கருத்து. உங்கள் நாட்டில் கட்டாயம் இல்லாவிட்டாலும் தனியாக வாங்கிப் பொருத்தலாம்.

மகனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முழு அளவு ஏ.டி.வி.கள் 16 வயது நிறைந்தவர்களுக்கு உரியவை என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். வயதைக் காட்டிலும் உடல் எடைதான் இங்கே காரணம்: சரிவில் ஓட்டுபவர் தன் உடலை மேட்டுப்பக்கம் சாய்த்து வண்டியைச் சமன்செய்ய வேண்டும், சிறுவனின் எடை அதற்குப் போதாது. இருக்கை நீளமாக இருப்பதும் இப்படி நகர்ந்து உட்காரத்தான், பின்னால் இன்னொருவரை ஏற்றுவதற்கு இல்லை. உங்கள் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து வேலைக்குப் போவது வழக்கமானால் ஏ.டி.வி.யை மறந்துவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் யு.டி.வி. வகையைப் பாருங்கள். அதில் கூண்டும் சீட் பெல்ட்டும் உண்டு, பின்னால் சரக்குத் தொட்டியும் உண்டு. அகலம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரும் என்பதால் உங்கள் வேலிக் கதவுகளையும் மரங்களுக்கிடையே உள்ள பாதையையும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள், ஏ.டி.வி. சுமார் 1.2 மீட்டரில் நுழைந்துவிடும்.

மேட்டுநிலம் எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. மரத்தோப்புக்குள் போகும் பாதை குறுகலானது என்பதால் யு.டி.வி. எங்களுக்குச் சரிவராது. இரண்டு பேர் சேர்ந்து போவதும் அபூர்வம். போனால் ஒருவர் நடக்கலாம். தெளிப்புத் தொட்டியை ட்ரெய்லருக்கு மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டோம். மகனிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுத்தேன். முகம் சுருங்கினாலும் வாதம் செய்யவில்லை.

இப்போது இரண்டு வழிகள் எங்கள் முன் இருக்கின்றன. ஒன்று, புதிய யமஹா கோடியாக் 450. மற்றொன்று, பண்ணை ஒன்றிலிருந்து விற்பனைக்கு வந்திருக்கும் பழைய கோடியாக் 700. மானியில் 3,000 கிலோமீட்டரும் 400 மணி நேரமும் காட்டுகிறது, பவர் ஸ்டீயரிங்கும் வின்ச்சும் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுத்து மீட்கும் மின்கருவி) உண்டு. இரண்டிலும் பின்பக்கம் தனி சஸ்பென்ஷன்தான். ஓடைக்கரைக்கு அது பரவாயில்லை என்று வைத்துக்கொண்டோம். பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்?

வேலியோரம் எழுதுகிறார்:

வின்ச் இருப்பதைக் கூடுதல் மதிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கயிற்றை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம். எஃகுக் கம்பியாக இருந்து உள்சுற்றுகளில் இழைகள் பிரிந்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் செயற்கை இழைக் கயிறு போடுங்கள். பாரத்தில் வின்ச் எடுக்கும் மின்சாரத்தை வண்டியின் மின்னாக்கியால் ஈடுகொடுக்க முடியாது. பற்றாக்குறை முழுவதும் பேட்டரியிலிருந்துதான் போகும். எனவே பழைய பேட்டரியோடு வரும் வண்டி, நீங்கள் சேற்றில் மாட்டிக்கொண்ட அன்றுதான் கைவிரிக்கும்.

பட்டறைக்கல் எழுதுகிறார்:

3,000 கிலோமீட்டரை 400 மணியால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 7.5 கிலோமீட்டர் வருகிறது. யாரும் விரட்டி ஓட்டவில்லை, உண்மையான பண்ணை வேலைதான் செய்திருக்கிறது என்று இதற்குப் பொருள். அதே சமயம் எஞ்சின் நிறைய நேரம் நின்ற இடத்திலோ பாரத்தோடு ஊர்ந்தோ ஓடியிருக்கிறது. ஆகவே கிலோமீட்டரை விட்டுவிட்டு மணி நேரத்தை வைத்தே தேய்மானத்தை மதிப்பிடுங்கள்.

நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகும் சிரமத்தை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்யும் முன் எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள்; எண்ணெய் பால்கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அத்தோடு திரும்பி வந்துவிடலாம். முன், பின் டிஃபரன்ஷியல்களின் எண்ணெயையும் இப்படியே பாருங்கள். ஓடும் எஞ்சினிலிருந்து நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது.

பிறகு இருக்கையைக் கழற்றி ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டர் அழுக்காக இருப்பதில் தவறில்லை, அழுக்கைப் பிடிப்பதுதான் அதன் வேலை. ஃபில்டரை எடுத்துவிட்டு, அதற்கு அப்பால் எஞ்சினை நோக்கிப் போகும் குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் நறநறவென்று மண் ஒட்டினால் அந்தத் தூசி நெடுநாளாகச் சிலிண்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே வண்டி எவ்வளவு பளபளத்தாலும் அந்த எஞ்சினை நம்ப முடியாது. பழைய வண்டியில் ஒரே ஒரு சோதனைதான் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கிறது. இவை மாற்றக்கூடியவை, விலையைக் குறைத்துக் கேட்கப் பயன்படுபவை. ஆக்ஸில் முனைகளில் உள்ள ரப்பர் உறைகளின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், கிழிசல் மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். சட்டத்தில் வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த இடம் இருந்தால், குறிப்பாக ட்ரெய்லர் கொக்கியைச் சுற்றி, வாங்க வேண்டாம்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள். 2 சக்கரம், 4 சக்கரம், டிஃப் லாக் (டிஃபரன்ஷியல் பூட்டு, இருந்தால்), லோ, ரிவர்ஸ் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். தளர்ந்த மண்ணில் 4 சக்கரத்தில் போட்டு நகர்த்தினால் முன்சக்கரங்களும் மண்ணைத் தள்ளுவது தெரியும். பிறகு ஒரு இறக்கத்தில் லோ ரேஞ்சில் இறங்கி த்ராட்டிலை முழுதாக விட்டுவிடுங்கள். இந்த மாடலில் பிடிப்பு கடைசி வரை இருக்க வேண்டும். நடுவில் விட்டு வண்டி உருண்டால் கிளட்ச்சுக்கு வேலை இருக்கிறது என்று பொருள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் பழைய 700-ஐயே எடுங்கள். கூடுதல் எஞ்சினுக்காகச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் பவர் ஸ்டீயரிங்குக்காகவும் வின்ச்சுக்காகவும் சொல்கிறேன். காற்றுக்குழாயில் மண் இருந்தால் புதிய 450-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வண்டியானால் எல்லா எண்ணெய்களையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட்டு முதல் வேலையைத் தொடங்குங்கள். புதிய வண்டியானால் கையேட்டில் சொல்லியிருக்கும் முதல் எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள், எஞ்சின் பழகும் காலத்தில் உதிரும் உலோகத்தூள் அதோடுதான் வெளியேறும்.